எல்லையால் வாழும் உயிர்



ஓசூராகிய இந்நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு பிறந்த ராஜாஜி அவர்கள், சேலத்தில் வக்கீலாக இருந்த நாளில், விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லவேண்டுமானால் அதற்குரிய சொற்கள் முதலில் வேண்டும் என்று கருதி, 1916-ஆம் ஆண்டிலேயே சாஸ்திரச் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டார் என்பதும், பின்னர் ‘திண்ணை ரசாயனம்’, ‘தாவரங்களின் இல்லறம்’ ஆகிய நூல்களைத் தாமே எழுதிக் காட்டினார் என்பதும் உங்களில் மூத்தோர் அறிந்த செய்திகளே. அரசியலில் அவரோடு உடன்படாதவர்களும் இந்த விஷயத்தில் அவருக்குக் கடன்பட்டவர்களே ஆவர். அவர் பிறந்த மண்ணில் நின்று, உயிரணுவின் அமைப்பையும் தொழிலையும் பற்றித் தமிழிற் பேசும்படி என்னைப் பணித்தமைக்கு முதற்கண் என் வணக்கத்தைச் செலுத்திக்கொள்கிறேன்.

பள்ளிப் பாடநூலில் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கிய பொருளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். அப்பாடநூல்களிலெல்லாம் உயிரணுவை ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பிடுவது வழக்கம். 1970-களில் தொழிற்பேட்டை எழுந்தது முதல் ஆலைச் சங்கின் ஓசைக்கே கண் விழித்துப் பழகிய ஓசூர் மக்களுக்கு அவ்வுபமானம் எளிதிற் பிடிபடவும் செய்யும். ஆயினும், அதனினும் பொருத்தமான உபமானம் ஒன்று உங்கள் ஊரின் வடமேற்கு ஓரத்திலேயே, ஜூஜுவாடியின் மாநில எல்லைச் சோதனைச்சாவடியில் இருக்கிறது. தொழிற்சாலையின் மதில் ஒருநாள் மழையில் இடிந்து வீழ்ந்தாலும் உள்ளே இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உயிரணுவின் எல்லை உடைந்தாலோ, உள்ளிருக்கும் பொருள்கள் அத்தனையும் இருந்தும் உயிர் மாத்திரம் இராது. ஆகவே, எல்லையைக் காப்பதும், அதனூடே வருவதையும் போவதையும் ஆராய்ந்து விடுவதுமே உயிரின் முதற்பெருந் தொழில் என்பதை, எல்லையூர்க்காரர்களாகிய உங்களிடம் விளக்கிச் சொல்வதே இன்றைய என் நோக்கம்.

பெயரும் அளவும்

1665-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்க, தேனடையின் கண்களைப்போல வரிசை வரிசையாய்ச் சிறு அறைகள் தெரிந்தன. சிற்றறை என்று பொருள்படும் ‘செல்’ என்ற சொல்லையே அவற்றுக்குப் பெயராக இட்டார். தமிழில் உயிரணு என்றும் கண்ணறை என்றும் வழங்குகிறோம். இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஹூக் கண்டது உயிரன்று. உயிர் போய்ப் பலகாலம் ஆன பட்டையின் வெறுஞ்சுவர்களே. குடியிருந்தவர் போனபின் எஞ்சிய எல்லைக்கோட்டைத்தான் அவர் முதலிற் கண்டு பெயரிட்டார். பின்னர் 1831-இல் ராபர்ட் பிரவுன் உட்கருவைத் தெளிவாகச் சுட்டிக்காட்ட, 1838-இல் ஷ்லைடன் தாவரங்களெல்லாம் உயிரணுக்களால் ஆனவை என்றும், அடுத்த ஆண்டில் ஷ்வான் விலங்குகளும் அவ்வாறே என்றும் உரைக்க, 1855-இல் விர்க்கோ, எந்த உயிரணுவும் முன்னிருந்த உயிரணுவிலிருந்தே தோன்றும் என்று முடிவு கூறினார்.

அதன் அளவை இவ்வூரில் விளக்குவது சுலபம். கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு மைக்ரான் என்பது நாள்தோறும் புழங்கும் சொல். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுவின் குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். சராசரி மனித சரீரத்தில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளனவென்று கணக்கிட்டிருக்கிறார்கள்; அவற்றுள் மிகப்பெரும்பாலானவை இச்சிவப்பணுக்களே. ஏன் அவை இவ்வளவு சிறியனவாக இருக்கவேண்டும்? ஒரு பக்கம் ஓரலகு உடைய கனசதுரத்தின் பரப்பு 6, கொள்ளளவு 1. பக்கத்தை இரட்டித்தால் பரப்பு 24, கொள்ளளவு 8. பசி எட்டு மடங்கு வளர, உணவு புகும் வாயில் நான்கு மடங்கே வளருகிறது. பெருத்த உயிரணு தன் எல்லை போதாமையாலேயே பட்டினி கிடக்கவேண்டும் என்ற இந்த எளிய கணக்கினால்தான், யானையின் ஈரலணுவும் எலியின் ஈரலணுவும் அளவில் பெரிதும் வேறுபடுவதில்லை, எண்ணிக்கையிலேயே வேறுபடுகின்றன.

நுரையும் சவ்வும்

இனி அவ்வெல்லை எதனால் ஆயது என்று பார்ப்போம். நந்திமலையில் தோன்றிப் பெங்களூரின் கிழக்குப் பகுதிகளைத் தழுவி, அந்நகரத்து ஏரிகளின் உபரிநீரையும் கழிவையும் ஏற்றுக்கொண்டு, கொடியாளத்துக்கருகில் தமிழகம் புகும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலிருந்து சீறிப் பாய்கையில் மலைமலையாக வெண்ணுரை எழும்பி நிற்பதைப் பன்முறை கண்டிருக்கிறீர்கள். பார்ப்பவர்க்குப் பனிமலையின் அழகு தோன்றினும், வாடை பொய் சொல்வதில்லை. அந்நுரைக்குக் காரணமான சோப்புப் பொருள்களின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தலையொன்றும் வாலொன்றும் உண்டு. தலை நீரை நாடும், வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். அக்குணம் ஒன்றினால்தான் அது எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி நீரிற் கரைத்துவிடுகிறது.

வியப்பு யாதெனில், உயிரின் எல்லையும் இதே குணமுடைய பொருளால் ஆக்கப்பட்டிருப்பதுதான். பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால்கள் இரண்டு. இரட்டை வால் இருப்பதால் உருவில் அது ஏறக்குறைய உருளைபோல் நின்று, நீரில் இட்டவுடன் தலைகள் இருபுறமும் நீரை நோக்க, வால்கள் நடுவில் ஒன்றோடொன்று மறைந்து, இரண்டடுக்குப் படலமாகத் தானே பரவிக்கொள்கிறது. கொத்தனும் வேண்டுவதில்லை, காரையும் வேண்டுவதில்லை. 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் ஹாலந்து நாட்டறிஞர் இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்மேற் பரப்பியபோது, அது அவ்வணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இடத்தை அடைத்ததைக் கொண்டே, சவ்வு ஈரடுக்கினது என்று ஊகித்தனர். 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும், அவ்வடுக்கு இறுகிய சுவரன்று, எண்ணெய்போல் நெகிழ்ந்து ஓடுவது என்றும், அதில் புரதங்கள் மிதக்கின்றன என்றும் நிறுவினர். அதன் தடிமன் மைக்ரானில் நூற்றில் ஒரு பங்கையும் எட்டாது.

ஒற்றை வாலுடைய சோப்பு மூலக்கூறோ ஆப்பைப்போன்றது. அது சவ்வின் இடையே புகுந்தால் அடுக்கு குலைந்து பிளந்துபோகும். கொரோனாத் தொற்றுநோய்க் காலத்தில் சோப்பிட்டுக் கை கழுவுங்கள் என்று நம்மை ஓயாது வற்புறுத்தியதன் காரணம், அந்நோய்க்கிருமியின் மேலுறையும் இத்தகைய கொழுப்புப் படலமே என்பதுதான். கையில் கிருமியைக் கொல்லும் அதே குணம், ஆற்றிலே மீனின் செவுள்களையும் தீண்டுகிறது. நுரை ஏன் தீது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, அழுக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், உயிரின் எல்லையையே கரைக்கும் பொருள் ஆற்றில் மிதக்கிறது என்று சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.

வாயில்கள்

எல்லை இருந்தாற் போதாது, வாயிலும் வேண்டும். எல்லாவற்றையும் தடுக்கும் சவ்வினுள் உயிர் பட்டினியால் மடியும். எல்லாவற்றையும் விடும் சவ்வினுள்ளோ உயிர் என்ற தனிப்பொருளே இராது. கொழுப்பு நடுவில் இருப்பதால், பிராணவாயு போன்றவை தாமாக ஊடுருவிச் செல்லும். உப்பின் அயனிகளும் சர்க்கரையும் அவ்வாறு செல்ல இயலா. அவற்றுக்கெனப் புரதங்களாலான வாயில்கள், இன்ன பொருளுக்கு இன்ன வாயில் என்ற நியதியோடு அமைந்துள்ளன. நீருக்கும் தனிவாயில் உண்டென்பதைப் பீட்டர் அக்ரே கண்டறிந்து 2003-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே வாயிலின் வழி நொடிக்கு 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரை வரிசையாகச் செல்லக்கூடுமாம்.

இவ்வாயில்களின் தொழிலைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. சித்திரை மாதத்துச் சமையலறை போதும். கிருஷ்ணகிரி மாங்காயைத் துண்டு போட்டு உப்பைத் தூவி ஜாடியில் மூடி வைத்தால், ஒரு சொட்டு நீரும் ஊற்றாமலே மறுநாட் காலையில் ஜாடி நிறையச் சாறு விட்டிருக்கிறது. வெளியே உப்பு மிகுந்ததனால், உயிரணுக்களின் உள்ளிருந்த நீர் சவ்வைக் கடந்து வெளியேற, துண்டுகள் துவண்டு சுருங்கின. அதே துண்டில் விழும் கிருமிக்கும் அதே கதிதான். ஊறுகாய் ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும் ரகசியம் அதுவே. இதற்கு மறுதலையைத் தளி, பாகலூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களிற் காணலாம். பொழுது விடியுமுன் பூவைக் கொய்து உடனே தண்ணீர் வாளியில் நிறுத்தி, குளிர் அறைக்குக் கொண்டுபோகிறார்களே, அது எதற்காக? இரவெல்லாம் வேர் இழுத்த நீரால் ஒவ்வோர் உயிரணுவும் காற்றடைத்த டியூப் போல் விம்மி, தன் புறச்சுவரை அழுத்தி நிற்கும் வேளை அது. எலும்பில்லாத இதழ் நிமிர்ந்து நிற்பது அவ்வழுத்தம் ஒன்றினால்தான். அழுத்தம் தளர்ந்தால் பூ தலை சாய்கிறது. தலை சாய்ந்த பூவுக்குச் சந்தையில் விலை இல்லை.

எல்லையின் காவலுக்குச் சான்றாக வண்ணங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜாவின் செம்மை, உயிரணுவின் நடுவே இருக்கும் நீர்ப்பை ஒன்றினுள் கரைந்து நிற்கிறது. மாம்பழத்தின் மஞ்சளோ, காயாக இருக்கையில் பச்சையம் தாங்கி ஒளியைப் பருகிய கணிகங்களே பழுக்கும்போது உருமாறி ஏந்திக்கொள்ளும் எண்ணெய்ச் சார்பான நிறம். ரோஜா இதழைக் குளிர்ந்த நீரில் இட்டால் நீர் நெடுநேரம் தெளிவாயிருக்கிறது. கொதிநீரில் இட்ட மாத்திரத்தில் சிவக்கிறது. சவ்வு வெந்து எல்லை அழிந்ததும் உள்ளிருந்த நிறம் வெளியே கசிந்துவிட்டது என்பது பொருள். அன்றியும், இம்மாவட்டத்தின் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாம்பழம் வந்து குவியுமுன்னரே, அப்பழத்தின் நொதிகள் தம் உயிரணுக்களின் புறச்சுவர்களைப் பிணைக்கும் பெக்டின் என்னும் பசையைத் தளர்த்தி, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி வேலையை முக்கால் பங்கு முடித்து விடுகின்றன. ஆலை செய்வது மீதிக் கால் பங்குதான்.

அகத்தின் அறைகள்

எல்லைக்குள் எல்லை என்பது உயிரணுவின் அமைப்பில் மற்றொரு தத்துவம். பாக்டீரியாக்களில் உள்ளே அறைகள் இல்லை; நம்மிலும் மாவிலும் மாட்டிலும் உண்டு. அவற்றுள் தலையாயது உட்கரு. மைக்ரான் ஆறேழு அகலமே உள்ள அவ்வறையினுள், நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் வரும் டி.என்.ஏ. இழை சுற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலையில் மூலவரைபடத்தை அலுவலகத்திலேயே பூட்டி வைத்து, நகலை மட்டும் இயந்திரக் கூடத்துக்கு அனுப்புவது போல, டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளிவருவதில்லை. அதன் நகலாகிய ஆர்.என்.ஏ. மட்டும் உட்கருவின் துளைவாயில்கள் வழியே வெளியேறுகிறது. வெளியே ரைபோசோம் என்னும் நுண்பொறிகள் அந்நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதத்தைக் கோக்கின்றன. அவ்வெழுத்து முறையை விளக்கியோருள் ஒருவராக 1968-இல் ஹர் கோவிந்த் குரானாவும், அப்பொறியின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியோருள் ஒருவராக 2009-இல் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் நோபல் பரிசு பெற்றார்கள் என்பது நம்மவர் நெஞ்சு நிமிரத்தக்க செய்தி. சிவப்பணு முதிர்கையில் தன் உட்கருவையே கழித்துவிடுகிறது. வரைபடம் இல்லாத அவ்வணு பழுதுபார்க்க வழியின்றி ஏறத்தாழ 120 நாளில் முடிகிறது.

அடுத்தது மைட்டோகாண்டிரியா. உணவின் சக்தியை உயிரணு செலவழிக்கத்தக்க நாணயமாகிய ஏ.டி.பி. ஆக்குவது அதன் வேலை. அந்நாணயத்தை 1929-இல் தசையிலிருந்து கண்டெடுத்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அது எவ்வாறு அச்சாகிறது என்ற கேள்விக்கு, 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்ன விடையைப் பலர் நெடுநாள் நம்பவில்லை. மேட்டூரில் காவிரியைத் தேக்கி, மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வேற்றுமையாலேயே சுழலியைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறோமல்லவா? அவ்வாறே, மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வுக்கு ஒருபுறம் ஹைட்ரஜன் அயனிகள் தேக்கப்பட்டு, ஒரு குறுகிய வழியே திரும்பிப் பாய்கையில், அவ்வழியில் நிற்கும் புரதப்பொறி ஒன்று மெய்யாகவே சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. உருவாகின்றன. உபமானமன்று, அச்சும் சுழலியும் உள்ள அப்பொறியின் இயக்கத்தை விளக்கிய பாயரும் வாக்கரும் 1997-இல் நோபல் பரிசு பெற்றனர். மோட்டார் செய்யும் ஊரில், மோட்டார்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று தம் உடம்பினுள்ளேயே சுழல்கிறது என்று ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருத்தல் நன்று. அணையில் ஓட்டை விழுந்தால் சுழலி நிற்பதுபோல, அவ்வுட்சவ்வு கிழிந்தால் சக்தி உற்பத்தி அக்கணமே நின்றுவிடும். ஆகவே, எல்லை என்பது தடுப்பதற்கு மட்டுமன்று. இருபுறமும் வேற்றுமை நிலவச்செய்து, அவ்வேற்றுமையிலிருந்தே வலிமையை எடுப்பதற்கும் ஆகும்.

அதே 1997-ஆம் ஆண்டில் அப்பரிசின் மற்றொரு பாதியைப் பெற்றவர் ஸ்கூ. சோடியம் அயனிகள் மூன்றை வெளியே தள்ளிப் பொட்டாசியம் அயனிகள் இரண்டை உள்ளே இழுக்கும் எல்லைப் பொறியை 1957-இல் கண்டவர் அவர். நாம் உறங்கும்போதும் உழைத்துச் சம்பாதித்த ஏ.டி.பி.யில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இக்காவலுக்கே செலவாகிறது. காவற்செலவை வீண் என்று கருதும் சிக்கனக்காரருக்கு உயிரணு உடன்படாது.

இந்த மைட்டோகாண்டிரியாக்கள் ஆதியில் வெளியிலிருந்து புகுந்த பாக்டீரியாக்கள் என்பதை 1967-இல் லின் மார்குலிஸ் வலியுறுத்தியபோது அறிவுலகம் தயங்கியது, இன்று ஏற்றுக்கொண்டது. அவற்றுக்கெனத் தனி டி.என்.ஏ. இன்றும் உண்டு, மனிதரில் அதன் மரபணுக்கள் 37. வந்த விருந்தாளி குடும்பத்தில் ஒருவராகி, தன் பழைய மொழியில் சில சொற்களை இன்னும் மறவாதிருக்கும் நிலை அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வூரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

எல்லை பிழைக்கும்போது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணற்றுநீரில் புளோரைடு மிகுதியாக இருந்து, பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறிப் போவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டோம். அயனியாகிய புளோரைடைச் சவ்வு எளிதில் விடாது. ஆனால் இரைப்பையின் அமிலத்தில் அது ஹைட்ரஜனோடு கூடி மின்னூட்டமற்ற உருவெடுத்து, வாயிலைத் தேடாமலே உட்சுவரைக் கடந்துவிடுகிறது. வேடம் மாற்றிச் சோதனைச்சாவடியைத் தாண்டும் கள்ளனைப்போல உட்புகுந்த அது, பல் இன்னும் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கையில் பற்சிப்பியைச் சுரக்கும் உயிரணுக்களின் வேலையைக் கெடுக்கிறது. பல் முளைத்தபின் அவ்வுயிரணுக்கள் இரா. ஆதலால் அவை செய்த பிழையைத் திருத்துவார் இல்லை. ஐந்து வயதில் குடித்த நீரின் கறை அறுபது வயதுச் சிரிப்பிலும் தெரிவது இதனால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியை இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்ததன் முதற்பயன், பயிருக்கன்று, பாத்திரத்துக்கன்று. குழந்தையின் ஈறுக்குள் இருக்கும் அச்சிற்றணுக்களுக்கே என்று நான் சொல்வேன்.

எல்லை பிழைக்கும் மற்றொரு வகை புற்றுநோய். நல்ல உயிரணு அயலாரைத் தொட்டவுடன் பெருகுவதை நிறுத்திக்கொள்ளும். தன் திசுவின் அடிச்சவ்வைத் தாண்டாது. புற்றணு அயலார் உரிமையையும் மதிப்பதில்லை, அடிச்சவ்வையும் மதிப்பதில்லை. அது அச்சவ்வைத் தாண்டுமுன் கண்டுகொண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். தாண்டிப் பரவியபின் அரிது. 1954-இல் அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய புற்றுநோய் மருத்துவமனை முதலாக இந்நாட்டு வைத்தியர்கள் ‘முன்னதாக வாருங்கள்’ என்று வேண்டிக்கொள்வதன் உட்பொருள் இந்த மெல்லிய கோடுதான்.

நிறைவுரை

பெருமக்களே, உயிரணுவிடம் உபதேசம் கேட்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு நீதியும் தெரியாது, அநீதியும் தெரியாது. அதன் எல்லை எத்தகையது என்று மாத்திரம் தெரிந்துகொண்டால், ஆற்றில் எதை விடுகிறோம், குழாயில் எதைக் குடிக்கிறோம் என்ற கேள்விகளை இன்னும் கொஞ்சம் கவலையோடு கேட்போம். தென்பெண்ணை கர்நாடகத்தில் தோன்றித் தமிழகத்தில் கடலை அடைகிறது. அதன் நீரிலும் கரையிலும் உள்ள மீனுக்கும் தவளைக்கும் மனிதர்க்கும் சவ்வு ஒன்றே. இருமாநில அதிகாரிகளும் ஆலையதிபர்களும் இதை நினைவிற் கொள்ளவேண்டும் என்று இம்மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பள்ளிகள் பலவற்றில் உருப்பெருக்கி அலமாரியில் பூட்டியபடியே இருக்கிறது; பழுதாகிவிடுமே என்ற அச்சம் ஒருபுறம், நேரமில்லை என்ற காரணம் மறுபுறம். வெங்காயத்தின் உட்தோலை உரித்து, ஒரு சொட்டு நீரில் பரப்பி, அந்த அலமாரியைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு அதன்மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு, உயிர்ப்பொருள் சுவரை விட்டுச் சுருங்கி விலகுவதை அவர்கள் தம் கண்ணாலேயே பார்க்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு வெங்காயமும் ஒரு சிட்டிகை உப்புமே. அடுத்த வாரமே அதைச் செய்வீர்களானால், இச்சொற்பொழிவின் பயன் முழுவதும் எனக்குக் கிடைத்ததாகக் கொள்வேன்.